சித்ரா, நீ இதப் பாக்காத

எனக்குத் தெரிந்து, பார்த்த படத்தைப் பற்றி யோக்கியமாகக் கருத்துச் சொன்ன ஒரே ஆள் அமலோற்பவமேரிதான். மற்றவர்கள் எல்லாம் நட்சத்திரம் போடுகிற கூட்டம். ஐந்துக்கு மூன்றரை என்கிறான் ஒருவன். அந்த அரை எதற்கடா என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. மேரி ஒரு நாளும் நட்சத்திரம் போட்டதில்லை. யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்று மட்டும் சொல்வாள்.

நான் சீனுவாசன். கூட்டேரிப்பட்டில் மயிலம் போகிற ரோட்டில் மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். எனக்கு முன்கோபம் அதிகம் என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். ஜாரில் தேங்காய் ஓட்டைப் போட்டு அரைத்துவிட்டு மோட்டார் சரியில்லை என்று வந்து நிற்பவர்களிடம் எப்படிக் கொஞ்சிப் பேசுவது? என் கடையை அடுத்த கடை மேரியுடையது. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் ஊசி விழுந்தால் இந்தப் பக்கம் கேட்கும். ஆகவே இதில் நான் சொல்வது எதுவும் கேள்விப்பட்டது அல்ல, காதால் கேட்டது.

மேரி டைலர். பிளவுஸ், சுடிதார், திருவிழா வந்தால் குழந்தைகளுக்குப் பட்டுப் பாவாடை. கொரோனா காலத்தில் கடையைச் சாத்திவிட்டு வீட்டில் தைத்தாள். யார் துணி முடிந்தது என்று சொல்வதற்காகப் போனில் வாடிக்கையாளர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தாள். தட்டச்சு செய்ய அவளுக்குப் பொறுமை கிடையாது, பேசித்தான் அனுப்புவாள். தைக்கும்போது மெஷினுக்கு எதிரே நூல்கண்டு டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து ஏதாவது ஓட விட்டிருப்பாள். அதனால் துணிச் செய்தியோடு படச் செய்தியும் சேர்ந்துகொண்டது.

"வணக்கம், மேரி பேசறேன். கோவிந்தம்மாக்கா, உங்க ரெண்டு பிளவுஸும் ரெடி, வந்து வாங்கிக்கினு போங்க. அப்புறம் நேத்து ஒரு படம் பாத்தேன். நல்லாத்தான் எடுத்துக்கிறாங்க. அந்தப் பொண்ணு அழுவறப்ப நெஜமாவே மூக்கு செவக்குது. ஆனா, மாமியாரோட உக்காந்து பாக்காதீங்க. நடுவுல ஒரு இடம் வருது. ரிமோட்டத் தேடறதுக்குள்ள மானம் போயிடும்."

இதுதான் அவள் பாணி. முதலில் நல்லதைச் சொல்வாள். பிறகு ஒரு 'ஆனா' வரும். குழுவில் இருந்த பெண்களெல்லாம் அந்த 'ஆனா'வுக்காகத்தான் காத்திருப்பார்கள். பின்னால் தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். ஆமைகளைப் பற்றி ஒரு ஆவணப்படம் வந்தபோது, "புள்ளைங்களோட பாருங்க, அருமையா கீது. ஆனா சாப்பிட்டுக்கினு பாக்காதீங்க, ஒரு நண்டு ஆமைக்குஞ்சப் புடிக்குது" என்றாள். அவள் கணவர் அமலதாஸ் புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்து எந்தப் படம் போட்டாலும் தூங்கிவிடுவார். "எங்க வீட்டுக்காரரு முழிச்சிக்கினு பாத்தாரு" என்று மேரி சொன்னால் அன்று கூட்டேரிப்பட்டில் பாதி வீட்டில் அந்தப் படம்தான்.

ஒரு தடவை என்னையும் விடவில்லை. "சீனுண்ணா, நீங்க இதப் பாக்காதீங்க. வில்லன் கடைசி வரைக்கும் மாட்ட மாட்டான். உங்களுக்குப் பிரஷர் ஏறும்" என்று குழுவிலேயே சொன்னாள். எனக்கு வீம்பு, பார்த்தேன். பிரஷர் ஏறியது.

அளவு எடுக்கிறவளுக்கு ஒவ்வொரு உடம்பும் தெரியும். யாருக்கு எந்தத் தோள் இறக்கம், யாருக்கு ஆபரேஷன் தழும்பு, யார் போன மாதத்தை விட இளைத்துவிட்டாள் என்பதெல்லாம் டேப்பைப் போட்டதுமே தெரிந்துவிடும். படத்தையும் அப்படித்தான் அவள் பார்த்தாள். "நல்ல துணிதான் சீனுண்ணா, அதுக்குன்னு எல்லாருக்கும் ஒரே அளவுல வெட்ட முடியுமா?" என்பாள். பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதுகிறவர்கள் யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

இதில் அவள் அதிகம் யோசித்தது சித்ராவுக்காக. சித்ராவுக்கு ஹைவே ஓரத்தில் இருக்கிற ஒரு மெஸ்ஸில் பின்கட்டில் காய் நறுக்கி, மாவு பிசைகிற வேலை. அவள் புருஷன் நெடுஞ்செழியன் எங்கள் ஊர் கிராசிங்கில், அவள் எதிர்ப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, லாரியில் அடிபட்டுப் போய்விட்டான். நல்ல பையன். என்னிடம்தான் கிரைண்டர் கொடுப்பான். அதற்குப் பிறகு சித்ரா அந்த இடத்தில் ரோட்டைத் தாண்டுவதில்லை, சுற்றிக்கொண்டுதான் போவாள். காட்சியை விட அவளுக்குச் சத்தம்தான் ஆகாது. அந்த பிரேக் சத்தம் வந்தால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவாள். ஒரு நாள் முழுக்கப் பேச மாட்டாள்.

சாயங்காலம் மகளோடு உட்கார்ந்து போனில் ஒரு தொடர் பார்ப்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே சந்தோஷம். அதனால் மேரி எதைப் பார்த்தாலும் கடைசியில் அவள் பேரைச் சொல்வாள். "சித்ரா, இது நீ பாக்கலாம்." இல்லையென்றால், "சித்ரா, மூணாவது பாகத்தோட நிறுத்திக்கோ. மிச்சத்த கடைக்கு வா, நான் சொல்றேன்." சித்ரா வருவாள். ஸ்டூலில் உட்காருவாள். மேரி ஊக்கு வைத்துக்கொண்டே மீதிக் கதையைச் சொல்வாள். லாரியை மட்டும் எடுத்துவிட்டு மற்றதெல்லாம் சொல்வாள். அந்த ஆள் எப்படிச் செத்தான் என்று கேட்டால் காய்ச்சல் என்பாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் அதே தொடரைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்ததில் வந்து புகுந்தவள் மேரியின் தங்கை சகாய பிரியா. பேரில் சகாயம் இருக்கிறது, என்ன பண்ண. திண்டிவனத்தில் அவளும் புருஷனும் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார்கள். எல்லாரும் போனிலேயே படம் எடுக்க ஆரம்பித்ததும் ஸ்டூடியோவில் ஈ ஓட்டினார்கள். பிரியா கெட்டிக்காரி, அதில் சந்தேகமில்லை. மேரிக்கும் அவளுக்கும் வயது வித்தியாசம் அதிகம். சின்ன வயதில் பிரியா மேரியின் மெஷினுக்கு அடியில் வெட்டுத்துணிக் குவியலில்தான் தூங்குவாளாம். மேரி இதைச் சொல்லும்போதெல்லாம் அவள் முகமே மாறிவிடும்.

ஒரு நாள் பிரியா வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். "க்கா, நீ பேசறத இந்த நூறு பேரு மட்டும் கேட்டுக்கினு இருக்கறது எவ்ளோ வேஸ்ட்டு தெரியுமா? நான் சேனல் ஆரம்பிக்கிறேன். நீ பேசு, போதும். மிச்சமெல்லாம் நான் பாத்துக்கறேன்."

"எனக்கு எதுக்குடி அதெல்லாம்? பேஜாரு."

"ஒரு பேஜாரும் இல்ல. இங்க பேசறத அங்க பேசு. குரூப்புல சேனல் லிங்க் போட்டுடு, எல்லாரும் அங்க வந்து கேக்கட்டும்."

மேரி கொஞ்ச நேரம் மெஷினை ஓட்டினாள். பிறகு நிறுத்தினாள். "பேசறேன். ஆனா நான் பேசறதுல ஒரு வார்த்த கூட வெட்டக் கூடாது. முழுசா போடணும்."

"மாதா மேல சத்தியமா வெட்ட மாட்டேன்க்கா."

தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் மோட்டாருக்குச் சுருள் சுற்றிக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தியம் என் காதில் விழுந்தது. அதற்கு நான் சாட்சி.

சேனல் நன்றாகத்தான் ஓடியது. மேரி பிரியா கொடுத்த மைக்கில் பேசி அனுப்பிவிடுவாள். பிரியா வெளியிட்டதைத் திரும்பப் போட்டுக் கேட்கிற பழக்கம் மேரிக்குக் கிடையாது. தைத்துக் கொடுத்த பிளவுஸை யாராவது திரும்ப வாங்கிப் போட்டுப் பார்ப்பார்களா? என் குரலை நானே கேட்டால் கூச்சமாக இருக்கிறது என்பாள். குழுவில் லிங்க் மட்டும் வரும். நானும் கேட்டேன். எனக்கு என்னவோ சப்பென்று இருந்தது. எதில் உப்புக் குறைகிறது என்று பிடிபடவில்லை. மெஷின் சத்தம் இல்லாததால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

தீபாவளி சமயம், கடை முழுக்கத் துணி. நண்பகலில் சித்ரா வந்தாள். எப்போதும் வந்ததும் "மேரிக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டு ஸ்டூலை இழுப்பாள். அன்று இழுக்கவில்லை.

"ஏன்க்கா, எனக்குன்னு ஒரு வார்த்த சொல்லலையே?"

"இன்னாடி ஆச்சு?"

"அந்தப் போலீஸ் தொடர். நீ நல்லா கீது, குடும்பத்தோட பாருங்கன்னு சொன்ன. பொண்ணும் நானும் உக்காந்தோம். நாலாவது பாகத்துல..." கை அவள் காதுக்குப் போனது.

மேரி எழுந்துவிட்டாள். "நான் சொன்னேன் சித்ரா! கடைசியில சொன்னேன். சித்ரா, நீ இதப் பாக்காத, கடைக்கு வான்னு சொன்னேன்."

"எங்க சொன்ன?"

போனை எடுத்துச் சேனலைப் போட்டார்கள். நானும் எழுந்து போய் நின்றேன். மேரியின் குரல் வந்தது. கதை நன்றாக இருக்கிறது, நடிப்பு நன்றாக இருக்கிறது, குடும்பத்தோடு பார்க்கலாம். பாட்டு வந்தது. முடிந்தது. 'ஆனா' வரவே இல்லை. இன்னொன்றைப் போட்டார்கள். அதிலும் இல்லை. மேரி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனாள். எல்லாவற்றிலும் 'ஆனா'வுக்கு முன்னாடியே பாட்டு வந்தது.

"நான் சொன்னேன்டி" என்றாள் மறுபடியும்.

சித்ரா அவளை ஒரு பார்வை பார்த்தாள். நம்பாத பார்வை. பெரிய ஆளாகிவிட்டாய், எங்களை எல்லாம் எதற்கு ஞாபகம் வைத்துக்கொள்ளப் போகிறாய் என்கிற பார்வை. அன்று மேரி அதைச் சொன்னதை நானும் கேட்டேன் என்று நான் வாயைத் திறப்பதற்குள் ஒன்று செய்தாள். அதை மேரி சாகிறவரை மறக்க மாட்டாள். அலமாரியில் மடித்து வைத்திருந்த தன் தீபாவளித் துணியை, அளவு எழுதிய சீட்டோடு, எடுத்துக்கொண்டு போய்விட்டாள். டைலரிடம் கொடுத்த துணியை வெட்டுவதற்கு முன்பே திரும்ப வாங்கிப் போவது என்பது எங்கள் பக்கம் கன்னத்தில் அறைவதற்குச் சமம்.

மறுநாள் நான் மோட்டார் சுற்றுகிற கம்பி வாங்கத் திண்டிவனம் போக வேண்டியிருந்தது. மேரி கூட வந்தாள். பிரியா எங்களைப் பார்த்ததும் காபி போட்டாள், முறுக்கு வைத்தாள்.

"ஏன்டி வெட்டின?"

"எத?"

"ஆனா-வுக்கு அப்புறம் நான் பேசினத எல்லாம்."

பிரியாவுக்கு முகம் சுண்டும் என்று எதிர்பார்த்தேன். சுண்டவே இல்லை. "க்கா, மதுரையில இருக்கறவனுக்குச் சித்ரா யாரு, கோவிந்தம்மா யாருன்னு தெரியுமா? கேக்கறவன் ஓடிடுவான். அப்புறம் படத்துக்காரங்களே இப்ப நம்ம கிட்ட வர்றாங்க. குறை சொல்லாம இருந்தா நல்லதுன்றாங்க. நான் இன்னா பண்ணட்டும்?"

"சத்தியம் பண்ணியே."

"ஐய, நீ ஒண்ணு. பிஸினஸ்ல அதெல்லாம் பாத்தா முடியுமா?"

"சித்ராகிட்ட நீ ஒரு போன் போட்டுச் சொல்லு. வெட்டினது நான்தான்னு சொல்லு. அது போதும் எனக்கு."

"சொல்றேன்க்கா, சொல்றேன். முறுக்கு சாப்பிடு."

போன் போட்டாள், போடாமல் இல்லை. என்ன சொன்னாள் என்பது பிறகு மெஸ் முதலாளி சக்கரபாணி மூலமாக எனக்குத் தெரிந்தது. அவர் கிரைண்டரைச் சரிபார்க்கப் போன இடத்தில் சொன்னார். "அக்காவுக்கு இப்பல்லாம் மறதி ஜாஸ்தியாயிடுச்சு, சொன்னதா நெனச்சுக்குது, தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லியிருக்கிறாள். எனக்குக் கையில் இருந்த ஸ்பேனரை வீசி எறியலாம் போல இருந்தது. மேரியிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்னவோ, நான் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஒரு பிளவுஸ் கையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "வெட்டுத்துணியில தூங்கினவ, வெட்டத்தான் கத்துக்கினா போல" என்று மட்டும் சொன்னாள். மைக்கைச் சுற்றி அட்டைப் பெட்டியில் போட்டுத் திண்டிவனம் பஸ்ஸில் கொடுத்தனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு எந்தப் படத்தைப் பற்றியும் அவள் வாயைத் திறக்கவில்லை. குழுவில் பிளவுஸ் செய்தி மட்டும் வந்தது. அதைக் கேட்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான தவக்காலம் வந்தது. தவக்காலத்தில் மேரி எதையும் பார்க்க மாட்டாள். இது ஊருக்கே தெரிந்த விஷயம். அது தொடங்குகிற சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு கடைக்கு வந்து, போனைச் சாய்த்து வைக்கிற அந்த நூல்கண்டு டப்பாவை எடுத்து மேல் அலமாரியில் வைத்துவிடுவாள். உயிர்ப்பு ஞாயிறு கழிந்துதான் அது கீழே இறங்கும். முன்பெல்லாம் இந்துப் பெண்கள்கூட அதுவரை காத்திருந்து, ஈஸ்டருக்கு மறுநாள் மேரி என்ன சொல்கிறாள் என்று கேட்டுத்தான் பார்ப்பார்கள். இந்த வருடம் டப்பாவை ஏற்றி வைக்கும்போது, "இறக்கறதுக்கே வேல இல்ல சீனுண்ணா" என்றாள்.

கோவிலில் சிலுவைப் பாதை ஜெபம் நடந்த ஒரு வெள்ளிக்கிழமைக்கு மறுநாள், அவர்கள் அன்பியத்தைச் சேர்ந்த ஆரோக்கியசெல்வி கடைக்கு வந்தாள். அன்பியம் என்பது அவர்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கூடி ஜெபம் சொல்கிற குழு. துணி எதுவும் கொண்டுவரவில்லை. நின்றபடியே ஆரம்பித்தாள்.

"ஏன் மேரி, தவக்காலத்துலகூட வாரத்துக்கு ரெண்டு படம் பாக்க ஆரம்பிச்சுட்டியா? நேத்து சிலுவப் பாதைக்குப் போற நேரத்துல உன் குரல் வருது. பாட்டும் டான்ஸும் அமர்க்களமா கீதுன்ற. சாமியாரு காதுல விழுந்தா இன்னா நெனப்பாரு?"

"நான் தீபாவளிலேர்ந்து பேசவே இல்லையே."

ஆரோக்கியசெல்வி தன் போனில் போட்டுக் காட்டினாள். நான் தடுப்பருகே போய்க் காதை வைத்தேன். மேரியின் குரல்தான். "வணக்கம், மேரி பேசறேன்" என்ற அதே இழுப்பு. "கீது" என்கிற அதே வார்த்தை. ஆனால் மூச்சு வாங்கவில்லை. பேச்சுக்கு நடுவில் ஊசியில் நூல் கோக்க நிறுத்துவாளே, அந்த இடைவெளி இல்லை. மேரி பார்க்காத படத்தை மேரி பாராட்டிக்கொண்டிருந்தாள்.

மேரி வாயில் கையை வைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டாள். பிறகு பிரியாவுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில்தான் போட்டாள்.

"நீதான் பேச மாட்டேன்னுட்ட" என்றாள் பிரியா, வெகு சாதாரணமாக. "உன் பழைய பேச்சையெல்லாம் கம்ப்யூட்டர்ல குடுத்தா அதுவே உன்ன மாதிரி பேசுதுக்கா. உனக்கும் கஷ்டம் இல்ல, எனக்கும் சேனல் நிக்கல. இதுல இன்னா தப்பு?"

"தவக்காலத்துல, என் பேரைச் சொல்லி..."

"கம்ப்யூட்டருக்கு ஏதுக்கா தவக்காலம்?"

மேரி போனை வைத்துவிட்டாள். அன்று அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை, அவள் அம்மா போனபோதுகூட. "கூடப் பொறந்தவ சீனுண்ணா. என் தொண்டைய எடுத்துக்கினா. கேக்காமலே எடுத்துக்கினா" என்றாள். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. டீ வாங்கி வந்து வைத்தேன். அது ஆறிப்போய் ஏடு கட்டியது.

திட்டலாம், போலீசுக்குப் போகலாம் என்றெல்லாம் நான் சொன்னேன். தங்கச்சி மேல எப்படிண்ணா என்றாள். குழுவில், அது நான் இல்லை என்று ஒரு செய்தி பேசிப் போட்டாள். அதைக் கேட்டவர்களில் பாதிப் பேர், "எது நீ, எது அதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று சிரிக்கிற பொம்மைப் படம் போட்டார்கள். சித்ரா தீபாவளிக்கே குழுவை விட்டுப் போய்விட்டவள். அவளுக்கு இது எதுவும் தெரியாது.

ஈஸ்டருக்கு முந்தைய குருத்து ஞாயிறு கழிந்த வாரம். மதியம் கடைத்தெரு அடங்கிக் கிடந்தது. வாசலில் சித்ரா நின்றாள். கையில் அதே துணி. அதே சீட்டு.

"மேரிக்கா" என்றாள். ஸ்டூலை இழுத்தாள்.

மேரியின் மெஷின் நின்றுவிட்டது. இத்தனை மாதமாக அந்த ஸ்டூலில் யாரையும் உட்கார விடாமல் துணியை அடுக்கி வைத்திருந்தாள் மேரி. ஆள் வரப்போகிறாள் என்று காலையிலேயே தெரிந்த மாதிரி, அன்று அது காலியாக இருந்தது.

"கோவத்துல போயிட்டேன்க்கா. மனசுல வெச்சுக்காத" என்றாள் சித்ரா. "நேத்து என் பொண்ணு போட்டுக் காமிச்சா. புதுசா வந்த தொடரப் பத்திப் பேசிக்கிறியே. கடைசியில என் பேர சொன்னியே! 'சித்ரா, இது உனக்காகவே எடுத்த மாதிரி கீது, தைரியமா பாரு'ன்னு. ரெண்டு தடவ போட்டுக் கேட்டேன். நீ என்ன மறக்கல. பிளவுஸ தைச்சுக் குடுக்கா. சாயங்காலம் பொண்ணோட உக்காந்து பாக்கப்போறேன்."

பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. சேனலைக் கேட்கிற வெளியூர்க்காரர்கள், முன்பு குழுவிலிருந்து கசிந்த மேரியின் பழைய பேச்சுகளைக் கேட்டுவிட்டு, அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுவது நன்றாக இருக்கிறதே என்று எழுதியிருந்தார்கள். பிரியா உடனே கம்ப்யூட்டருக்குப் பேர் சொல்லக் கற்றுக்கொடுத்துவிட்டாள். வாரத்துக்கு ஒரு பேர். இந்த வாரம் சித்ரா.

மேரி துணியைக் கையில் வாங்கியிருந்தாள். அதைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவள் சும்மா இருந்திருந்தால் போதும். ஆமாம் சித்ரா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சிநேகிதி திரும்பக் கிடைத்திருப்பாள். நானே மனதுக்குள், சொல்லாதே மேரி, இன்றைக்கு ஒரு நாள் வைத்துக்கொள் என்று வேண்டிக்கொண்டேன். வெட்கமில்லாமல் வேண்டிக்கொண்டேன்.

"சித்ரா" என்றாள். "அது நான் இல்ல."

எல்லாவற்றையும் சொன்னாள். வெட்டியது, மறதி என்று சொன்னது, கம்ப்யூட்டர். ஒன்றையும் மென்று முழுங்கவில்லை. சித்ராவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. எதை நம்புவது என்று தெரியாத முகம். தன் பேரைச் சொன்னது ஒரு மெஷின் என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

"அப்ப அது பொய்யா? எனக்காகவே எடுத்ததுன்னு சொன்னது?"

"அது படமே பாக்கல சித்ரா. அதுக்குக் கண்ணு ஏது?"

"சரி, நீ பாத்தியா? நான் பாக்கலாமா, வேணாமா?"

"நான் பாக்கல. எனக்குத் தெரியாது."

சித்ரா எழுந்துவிட்டாள். துணிக்காகக் கையை நீட்டினாள். மேரி கொடுக்கவில்லை. துணியை மடியில் போட்டுக்கொண்டு, எட்டி மேல் அலமாரியில் இருந்த நூல்கண்டு டப்பாவை இறக்கினாள். தவக்காலத்தின் கடைசியான பெரிய வாரம், அடுத்து பெரிய வெள்ளி. இத்தனை வருடத்தில் அந்த டப்பா ஈஸ்டருக்கு முன் இறங்கியதில்லை. தூசியைத் துடைத்தாள். போனைச் சாய்த்து வைத்தாள். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

"உக்காரு" என்றாள். "நான் பாக்கறேன். உன் பிளவுஸ தச்சுக்கினே பாக்கறேன். எழுந்து போன்னு சொன்னா போ. கூப்பிட்டா வா."

சித்ரா உட்கார்ந்தாள். திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மெஷின் ஓட ஆரம்பித்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு, பின்னால் மெஷின் ஓட, முன்னால் படம் ஓடியது. மேரி அவ்வப்போது சிரித்தாள். சித்ரா மேரியின் முகத்தைப் பார்த்தாள், அவளும் சிரித்தாள். நான் ஒரு ஜாரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வேலையும் செய்யாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் பாகம் போனது. இரண்டாவது பாகத்தின் பாதியில் மேரியின் மெஷின் பட்டென்று நின்றது.

"சித்ரா, எழுந்து போ. சீனுண்ணா கடைக்குப் போ. ஜல்தி."

சித்ரா ஓடி வந்து என் கடையில் நின்றாள். காதைப் பொத்திக்கொண்டாள். நடுவில் இருப்பது வெறும் பலகை, ஊசி விழுந்தால் கேட்கும். மேரி பதற்றத்தில் போனை நிறுத்தத் தேடிக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. தூரத்தில் ஹாரன் சத்தம் ஆரம்பித்துவிட்டது. என் மேசையில் சரிபார்க்க வைத்திருந்த மிக்சி இருந்தது. அதில் ஜார்கூட மாட்டவில்லை. சுவிட்சைப் போட்டு முழு வேகத்துக்குத் திருகினேன். கடையே அதிர்ந்தது. சித்ரா என்னைப் பார்த்தாள். கையைக் காதிலிருந்து மெல்ல எடுத்தாள். அப்போதுதான் அவளுக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும். அந்தத் தொடரில் லாரி இருந்தது. "தைரியமா பாரு" என்று, மேரியின் தொண்டையில், பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, அந்த லாரிக்கு முன்னால் இவளைக் கொண்டுபோய் நிறுத்தப் பார்த்திருக்கிறாள் பிரியா. அவளுக்குச் சித்ரா ஒரு பேர், அவ்வளவுதான். அதுதான் எனக்கு ஆறவே இல்லை, இன்றைக்கும்.

"அக்கா அன்னிக்கும் சொல்லித்தான் இருக்கும், இல்லண்ணா?" என்றாள் சித்ரா, சத்தத்துக்கு மேல் கத்தி.

"சொன்னாம்மா. நான் கேட்டேன்" என்று நானும் கத்தினேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தடுப்புக்கு மேலாக மேரியின் தலை தெரிந்தது. வாயில் ரெண்டு ஊக்கு, கன்னமெல்லாம் ஈரம். கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள்.

மிக்சியை நிறுத்தினேன்.

"சித்ரா, இப்ப வா" என்றாள் மேரி.